மகனின் முறைக்கு வந்த நைனா

மாணவர் பணிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்களே, அந்த விதிப் புத்தகத்தை எழுதியவள் நான்தான். அதனால் அதிலிருந்து ஒரு வரிகூட இன்று வாசிக்கப் போவதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய் வாசியுங்கள், தூக்கம் நன்றாக வரும்.

ஓய்வு பெற்றவளிடம் மைக்கைக் கொடுப்பது ஆபத்தான காரியம் என்று உங்கள் முதல்வருக்குத் தெரியும். ஒரே ஒரு கதை சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். டீயும் சமோசாவும் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

பொன்னேரியில் நம் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். படித்துக்கொண்டே வேலை பார்க்கும் பிள்ளைகளை மேய்க்கும் பொறுப்பு, யாரும் கேட்டு வாங்காத பொறுப்பு என்பதால், என் தலையில் விழுந்தது. நூலகத்தில் புத்தகம் அடுக்குபவர்கள், ஆய்வகத்தில் குடுவை கழுவுபவர்கள், பழவேற்காட்டில் ஏரிக்கரை மையத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் என்று எல்லாரும் என் கையில். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். நூலகத்தில் ஒரு பையன் இருந்தான். அமைதி காக்கச் சொல்லி வைத்ததற்காக, செல்போனில் பேசிக்கொண்டு வந்த பேராசிரியரையே வாசலுக்கு அனுப்பிவிட்டான். ஆய்வகத்தில் ஒரு பெண், வேலை பிடித்துப்போய் வகுப்புக்கே போவதில்லை. "இங்க இவ்ளோ வேலை இருக்கே மேடம்" என்பாள். கையைப் பிடித்து வகுப்பில் கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு வருவேன். படிக்க வந்த பிள்ளை முதலில் படிக்க வேண்டும், வேலை அதற்குப் பிறகுதான். இதை அவர்களுக்குச் சொல்வதைவிட, வேலை வாங்கும் துறைத் தலைவர்களுக்குச் சொல்வதுதான் பெரும்பாடு. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது ஏரிக்கரை மையத்தின் கதை.

உங்களில் சிலர் இன்னும் அங்கே போயிருக்க மாட்டீர்கள். ஏரியைப் பார்த்த மாதிரி இரண்டு அறைகள், சுற்றி ஒரு வேலி, ஒரு கேட். உள்ளே கண்ணாடித் தொட்டிகளில் இறால், நண்டு, மீன் குஞ்சுகள். விலங்கியல் துறை ஆராய்ச்சிக்காக வளர்ப்பவை. பூநாரை பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள், பறவை தூரத்தில் இளஞ்சிவப்புப் புள்ளியாகத்தான் தெரிகிறது என்று நொந்துபோய், இங்கே வந்து இறாலையாவது கிட்டத்தில் பார்த்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு முறை உள்ள மாணவர் மையத்தைத் திறந்து, கூட்டி, தொட்டிகளுக்குக் காற்று போகிறதா என்று பார்த்து, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். எல்லாரும் மதிய ஷிப்டில் படிப்பவர்கள். காலையில் மையம், பிறகு பொன்னேரி பஸ், மதியம் வகுப்பு.

விதிகளை முதல் நாளே சொல்லிவிடுவேன். யார் முறையோ அவர்தான் வர வேண்டும். சாவி கை மாறக் கூடாது. வர முடியாவிட்டால் முன்கூட்டியே எனக்குச் சொல்ல வேண்டும். மீறினால் நீக்கம். "நீக்கம்" என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்வேன், பயம் வரட்டும் என்று. எல்லாரும் ஒழுங்காகத் தலையாட்டினார்கள்.

யார் யாருக்கு எந்த நாள் என்று நான் அட்டவணை போட உட்கார்ந்தபோது, "வேணா மேடம், நாங்களே சீட்டு போட்டுக்கறோம்" என்றார்கள். எனக்கு நல்லதாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்று சண்டை தீர்த்து வைக்கும் வேலை மிச்சம். அவர்களில் பெரும்பாலோர் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள். சீட்டு போட்டு முறை பிரித்துக்கொள்வது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

அதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மேலே புரியும். ஏரி முழுக்கத் தண்ணீர் இருந்தாலும், மீனும் இறாலும் வந்து சேரும் நல்ல இடங்கள் சிலதான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே போய் வலை கட்டினால் அடிதடிதான். அதனால் ஊருக்குள் சீட்டு போட்டு, இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நம் பாடு வந்த நாளில் அந்த இடம் நம்முடையது. போகாமல் விட்டால் போனதுதான், சுற்று முழுக்கத் திரும்பி வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். பாடு வந்த நாளில் வீட்டில் காய்ச்சல், கல்யாணம் என்று எதுவும் அங்கே எடுபடாது.

இனி வசந்த். விலங்கியல் இரண்டாம் ஆண்டு, ஏரிக்கரைக் குப்பத்துப் பையன். மையத்தில் இருந்தவர்களில் அவனைப் போல விளக்கம் சொல்ல யாராலும் முடியாது. அவன் இறாலைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், வீட்டுக்குப் போய் இறால் தொக்கு சாப்பிட மனம் வராது. நான் சாப்பிட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாப்பிட்டேன். இந்த வேலையை நம்பித்தான் அவன் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. வேலை போனால் படிப்பும் நின்றுவிடும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போது நமக்குப் புது முதல்வர் வந்திருந்தார். சென்னைக்காரர், கறாரான மனிதர். மையத்தை முதல் தடவையாகப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் காரில் வருவதற்குள் நான் முதல் பஸ்ஸைப் பிடித்து, மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பழவேற்காட்டில் இறங்கிவிட்டேன். ஒட்டடை, குப்பை ஏதாவது இருந்தால், அன்றைக்கு முறையில் இருந்த வசந்தை விரட்டலாம் என்று திட்டம்.

கேட் திறந்திருந்தது. வாசல் பளிச்சென்று கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. உள்ளே போனேன். வசந்த் உட்காரும் நாற்காலியில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் விபூதி. வலது கை முழுக்கக் கட்டு. கழுத்தில் நம் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது. அதில் வசந்தின் படம்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க மேடம், வந்து பாருங்க. செருப்ப மட்டும் அப்டி ஓரமா வுட்டுடுங்க."

விட்டேன். விதி விதிதானே.

"நீங்க யாருங்க?"

"இன்னிக்கு முறை மேடம்."

"யார் முறை?"

"வசந்த் முறை" என்று சொல்லி, எனக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று அடையாள அட்டையை இடது கையால் தூக்கிக் காட்டினார்.

நான் வசந்தின் எண்ணுக்குப் போன் போட்டேன். அவர் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். "கண்காணிப்பாளர் மேடம்னு வர்து" என்றார் என்னிடமே. "எடுக்கட்டுமா?"

"வேண்டாம், நான்தான் அது."

அதற்குப் பிறகுதான் அவருக்கு நான் யார் என்று தெரிந்தது. அவசரமாகக் கும்பிட்டார். கட்டுப் போட்ட கையோடு மறு கையைச் சேர்த்துக் கும்பிடுவது பார்க்கச் சிரிப்பாக இருந்தது. சிரிக்கும் நிலைமையில் நான் இல்லை.

"நா ஏகாம்பரம் மேடம். வசந்தோட நைனா."

"வசந்த் எங்கே?"

"ஏரில கீறான். இன்னிக்கு எங்க பாடு. எனக்கு கெளுத்தி முள்ளு குத்தி கை வீங்கிப் போச்சு, வலை இழுக்க முடியாது. அதான் அவன எறக்கிட்டு, அவன் முறைய நா பாக்க வந்துட்டேன். வூட்ல ரெண்டு முறை, ரெண்டு ஆளு. சரியா பூடுச்சு."

கணக்கு சரியாக வந்ததில் அவருக்கு அவ்வளவு திருப்தி. சாவி எங்கே என்று கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார். அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தார். துறையின் மொத்த ஆராய்ச்சியும் ஏகாம்பரத்தின் அரைஞாணில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல்வர் எந்த நேரமும் வந்து இறங்குவார். இந்த மாதிரி நேரத்தில் மனதுக்கு முதலில் தோன்றுவது மூடி மறைப்பதுதான். உங்களுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

"அண்ணே, முதல்வர் வரப் போறார். அந்த அட்டையைக் கழட்டிட்டு, சும்மா பாக்க வந்தேன்னு சொல்லிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவருக்குப் புரியவே இல்லை. "முறைல குந்திகினு, முறைல இல்லன்னு எப்டி மேடம் சொல்றது?"

நான் மேலே எதுவும் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

"வாங்க சார், வந்து பாருங்க. செருப்ப அப்டி ஓரமா..." என்று ஆரம்பித்தார் ஏகாம்பரம். முதல்வர் போட்டிருந்தது பளபளவென்ற ஷூ. குனிந்து கழற்றி நிமிர்ந்தவர், அடையாள அட்டைப் படத்தையும் ஆளையும் பார்த்து அப்படியே நின்றார். "யார் இது?" என்று என்னைக் கேட்டார். பதிலை ஏகாம்பரமே சொன்னார், எனக்குச் சொன்னது அத்தனையும், ஒன்று விடாமல், ரெண்டு முறை ரெண்டு ஆள் கணக்கோடு.

முதல்வர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மேடம், உங்க விதில இதுக்கு என்ன இருக்கு?"

"நீக்கம், சார்."

"அப்புறம் என்ன? அந்தப் பையனை இன்னையோட நீக்கிடுங்க."

ஏகாம்பரம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார் சொல்றீங்க? பையனையா? முறை காலியா இல்லியே சார். நா கரெக்டா வந்து குந்திகினேனே. கூட்டினேன், தண்ணி தெளிச்சேன்." குரல் இறங்கியது. "அவன் மேல தப்பில்ல சார். நாந்தான் போடான்னு அனுப்னேன். வேலைய எடுத்துட்டா படிப்பு நின்னுடும் சார் அவனுக்கு."

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. மகனின் முறையைக் காப்பாற்றத்தான் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். வந்ததாலேயே மகனுக்கு வேலை போகப் பார்த்தது.

இங்கே ஒரு நிமிஷம் கதையை நிறுத்துகிறேன். உங்களைக் கேட்டால் யார் பக்கம் நிற்பீர்கள்? ஏகாம்பரம் பக்கம் என்று முகத்திலேயே தெரிகிறது. அவசரப்படாதீர்கள். முதல்வர் சொன்னதில் என்ன தப்பு? முன்பின் தெரியாத ஒருவர் கையில் சாவி. காற்றுக் குழாய் நின்று தொட்டி முழுக்கச் செத்துப் போனால் யாரைப் பிடித்துக் கேட்பது? வேலைக்கு எடுத்தது வசந்தை. பொறுப்பும் அவன் பெயரில். நாளைக்கு இன்னொரு பையன் மாமாவை அனுப்புவான், அடுத்தவள் அத்தை மகனை அனுப்புவாள். விதி சரியான விதிதான். ஆனால் அந்தப் பையன் விதியை ஏமாற்றவும் இல்லை. அவன் ஊரில் முறை என்றால் அது வீட்டு முறை. வீட்டில் யார் போனாலும் முறை காப்பாற்றப்பட்டதுதான். நான் சொன்னது ஒன்று, அவன் காதில் விழுந்தது அவன் ஊர் வழக்கம். தலையாட்டியது அதற்குத்தான்.

முதல்வர் ஷூவை மறுபடியும் மாட்டிக்கொள்ளப் பார்த்தார். மாட்டிவிட்டால் கிளம்பிவிடுவார், கிளம்பிவிட்டால் உத்தரவு உத்தரவுதான்.

"சார், ஒரு ரெண்டு கேள்வி மட்டும் இவரைக் கேட்டுக்கறேன்" என்றேன். அவர் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, உங்க பாடு அன்னிக்கு உங்களால போக முடியலன்னா யார் போகலாம்?"

"வூட்டு ஆளு யார் வேணா போலாம் மேடம்."

"வெளியாளு?"

"வெளியாள அனுப்பணும்னா மொதல்ல ஊர்ல சொல்லணும். பெரியவங்க சரின்னாதான் போலாம்."

"சொல்லாம அனுப்பிட்டா?"

"அவ்ளோதான். அடுத்த பாடு கெடையாது."

"ஊரை விட்டே தள்ளிடுவீங்களா?"

என்னை ஏதோ விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அதெப்டி மேடம் தள்றது? தள்ளிட்டா அவன் எங்க போவான்? அடுத்த பாடு வரும்போது கரைல குந்திகினு பாத்துகினு இருப்பான். அதுக்கப்புறம் அவனுக்கு வந்துடும்."

முதல்வர் ஷூவைக் கீழே வைத்தார். கேட்கிறார் என்று தெரிந்தது. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. கேட்காமல் வேறு வழியும் இல்லை.

"இப்போ சொல்லுங்க அண்ணே. இந்த மையத்துல, வசந்தோட முறைக்கு, நீங்க வீட்டு ஆளா, வெளியாளா?"

கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கி மகனின் படத்தைப் பார்த்தார். தொட்டிகளைப் பார்த்தார்.

"எங்க வூட்ல நா அவனுக்கு நைனா" என்றார் கடைசியில். "இங்க வூடுன்னா அது காலேஜிதானே மேடம். இங்க நா வெளியாளுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற அப்பாவை மகனுக்கு வெளியாள் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேனே என்று இருந்தது. மூக்கைச் சிந்துவது போல முந்தானையை எடுத்துக்கொண்டேன். ஏகாம்பரம் அட்டையைக் கழற்ற முயன்றார். ஒற்றைக் கையில் முடியவில்லை, கயிறு காதில் மாட்டிக்கொண்டது. முதல்வர்தான் கிட்டே போய்க் கழற்றிவிட்டார். சாவியை எடுக்க ஏகாம்பரம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று வேட்டி மடிப்பில் கொஞ்ச நேரம் போராடினார். நாங்கள் இருவரும் ரொம்ப அக்கறையாக நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அடுத்த முறை கிடையாது. அவ்வளவுதானா?" என்றார் முதல்வர், நண்டிடம் கேட்பது போல.

"அவ்வளவுதான் சார். முறை போகும், ஆள் போக மாட்டான்."

"அப்படியே செய்யுங்க. ஆனா மேடம், இது உங்க விதில எங்கேயும் இல்லை. எழுதிச் சேர்த்துடுங்க." அதற்குப் பிறகு ஒவ்வொரு தொட்டியாக நின்று பார்த்துவிட்டு, வெறுங்காலோடு வாசல்வரை நடந்து, ஷூவை மாட்டிக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

கார் தெருமுனை திரும்பும்போதுதான் வசந்த் ஓடி வந்தான். தலை ஈரம், முழங்கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. யார் வந்து போனது என்று வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மேடம், எனக்கு வேலை போச்சா?"

"வேலை போகல. அடுத்த முறை போச்சு. சொல்லாம கொள்ளாம வெளியாளை அனுப்பினதுக்கு."

"வெளியாளா? யாரு, நைனாவா?" அவன் முகம் சுருங்கிவிட்டது. வேலை தப்பியதில் வந்த சந்தோஷம்கூட அதில் போய்விட்டது.

"ஆமாண்டா" என்றார் ஏகாம்பரம். "நாந்தான் சொன்னேன். வலை இன்னாச்சு? அத்த சொல்லு மொதல்ல."

விதியை அந்த வாரமே எழுதிச் சேர்த்தேன். வர முடியாத மாணவர், என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மையத்தில் முறை உள்ள இன்னொரு மாணவரை அனுப்பலாம். சொல்லாமல் அனுப்பினால் அடுத்த முறை இல்லை. இப்போது உங்கள் புத்தகத்தில் இருப்பது அதுதான். முதல் நாள் விதிகளைச் சொல்லும்போது "யாருக்குப் புரியல?" என்று கேட்பதையும் நிறுத்தினேன். அதற்கு யாரும் கை தூக்க மாட்டார்கள். "உங்க ஊர்ல இதுக்கு என்ன வழக்கம்?" என்று கேட்க ஆரம்பித்தேன். அப்புறம் பாருங்கள், வாயை மூடவே மாட்டேன் என்கிறார்கள். விதிக்கும் வழக்கத்துக்கும் எங்கே முட்டுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். நீங்களும் கேளுங்கள்.

வசந்துக்குத் தண்டனையான அந்த நாளும் வந்தது. அவன் முறையை மற்ற பிள்ளைகள் யாரும் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. "அவன் முறைல நாங்க போய் குந்தினா நல்லா இருக்காது மேடம்" என்றுவிட்டார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கூட்டினேன், தண்ணீர் தெளித்தேன். விளக்கம் சொல்வதில்தான் மாட்டிக்கொண்டேன். பூநாரை பார்க்க வந்த ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது. "இது இறால்" என்றேன். "அது தெரியுதுங்க" என்றார்கள். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

"அது பொட்டை இறாலுங்க" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால், வசந்த். வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"நீ எதுக்குடா வந்தே? உனக்கு இன்னிக்கு முறை இல்லையே."

"உள்ளாற வரல மேடம். கரைல குந்திகினு பாக்கலாம்ல? அதான் தண்டனை."

அவன் சொன்னது சரி. அவன் ஊர்ச் சட்டத்தை வைத்துத்தானே அவனைக் காப்பாற்றினேன். இப்போது அதே சட்டம் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றால் நான் என்ன செய்ய முடியும்? நான் உள்ளே தொட்டியைக் கை காட்ட, அவன் வெளியிலிருந்து சொல்ல, அந்தக் குடும்பம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டுப் போனது.

அவர்கள் போனதும் கேட்டில் ஏகாம்பரம் வந்து நின்றார். கைக்கட்டு இல்லை. அதே சலவைச் சட்டை. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, "உள்ளாற வரலாமா மேடம்?" என்றார்.

"என்ன அண்ணே, இன்னிக்கு எந்த முறைக்கு வந்தீங்க?"

"முறைக்கு இல்ல மேடம், பாக்க வந்தேன்." சிரித்தார். "வெளியாளு வந்து பாக்கறதுக்குத்தானே தொறந்து வெச்சுகிறீங்க. அன்னிக்கு முறைல இருந்ததால ஒண்ணுத்தையும் பாக்கல."

உள்ளே வந்து முதல் தொட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இது இன்னாது?" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்து.

"இறாலு நைனா" என்றான் வசந்த், வெட்கப்பட்டு.

"இறாலா? எங்க பொறக்கும் இது?"

"கடல்ல நைனா. குட்டியா இருக்க சொல்ல முகத்துவாரம் வழியா ஏரிக்கு வந்துடும். இங்க வளந்துட்டு திரும்பக் கடலுக்குப் பூடும்."

"அப்டியா! இன்னாத்த துன்னும்?"

அதையும் சொன்னான். கண் எங்கே இருக்கிறது, ஓடு ஏன் கழற்றுகிறது, இருட்டினால் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறந்ததிலிருந்து அந்த ஏரியில் இறால் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதர். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அவருக்குப் பதில் தெரியாமல் இருந்திருக்காது. பையன் பேசுவதைக் கேட்கத்தான் கேட்கிறார் என்று எனக்கு இரண்டாவது தொட்டியில் புரிந்தது. வசந்துக்கு மூன்றாவது தொட்டியில்தான் புரிந்தது. வெட்கம் போய், ஜன்னல் கம்பிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு, சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வதைவிட நன்றாகச் சொன்னான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் பணிக்காலத்தில் நான் உருப்படியாகப் பார்த்த வேலை அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் என்று இப்போதும் நினைப்பேன்.

கடைசித் தொட்டிவரை பார்த்து முடித்துவிட்டு ஏகாம்பரம் என்னிடம் வந்தார். பையன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லாத்தான் சொல்றான் மேடம். அடுத்த முறைக்கு உள்ளாற வுட்டுடுங்க."

விட்டேன்.